சுழலாத வட்டு: எஸ்டி2ஐஇசி நிரல் பற்றிய ஒரு திறனாய்வு

கொமடோர் 64 என்னும் வீட்டுக் கணினி 1982-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்தது. அதனைச் செய்த நிறுவனம் 1994-ஆம் ஆண்டு நொடித்துப் போயிற்று. நிறுவனம் மறைந்ததேயன்றிக் கணினி மறையவில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதனை இன்றளவும் இயக்கி வருவோர் பலர் உளர். புதிய நிரல்கள் எழுதுவோரும் உளர். ஆயின், அக்கணினிக்குத் துணையாக இருந்த 1541 என்னும் வட்டு இயக்கியின் நிலை வேறு. சுழலும் உறுப்புகள் தேய்கின்றன. நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு உதிர்கிறது. ஆகவே, அதன் இடத்தில் வைப்பதற்கென்றே சிறு மின்பலகைகள் பல தோன்றின. ஒரு நுண்கட்டுப்படுத்தியும், நினைவட்டை செருகும் ஒரு துளையும் கொண்ட தீப்பெட்டியளவுப் பலகை, பழைய பெரும்பெட்டியின் வேலையைச் செய்யும். இவற்றுள் பலர் கைக்கும் எளிதில் எட்டியது எஸ்டி2ஐஇசி என்னும் நிரலைத் தாங்கிய பலகையாகும். இந்நிரல் செய்திருப்பது யாது, செய்யாது விட்டது யாது, இதனைப் போற்றுவோர் எவ்விடத்தில் வழுவுகின்றனர் என்பன ஆராயத்தக்கவை.

முதற்கண் மூலத்தை அறிதல் வேண்டும். 1541 வெறும் வட்டுப் பெட்டி அன்று. அதுவே ஒரு கணினி. அதனுள் 6502 என்னும் செயலி ஒன்றும், 2 கிலோபைட்டு நினைவகமும், 16 கிலோபைட்டு நிலைநினைவகமும் இருந்தன. 35 தடங்கள் கொண்ட வட்டில் 256 பைட்டு அளவுள்ள 683 கட்டங்களை அது தானே கணக்கிட்டு நிர்வகித்தது. கணினி கோப்பின் பெயரை மட்டும் சொன்னாற் போதும். தேடி எடுப்பது இயக்கியின் பொறுப்பு.

இத்துணை அறிவு இருந்தும் வேகம் இல்லை. இதற்கு முந்திய விக்-20 கணினிக்கெனச் செய்த இயக்கியில், துண்மங்களை வரிசையாக அனுப்புதற்குரிய சில்லு ஒன்று பழுதுடையதாக அமைந்துவிட்டது. அதனால், சில்லு செய்யவேண்டிய வேலையை நிரலே ஒவ்வொரு துண்மமாகச் செய்யும்படி ஆயிற்று. பழைய கருவிகளோடு பொருந்தல் வேண்டும் என்பதற்காக அம்முறையே 1541-இலும் தொடர்ந்தது. போதாக்குறைக்கு, கொமடோர் 64-இன் படச்சில்லு செயலியை அவ்வப்போது நிறுத்தி வைக்கும் இயல்புடையது. அதற்கும் இடம்விட்டு வேகத்தைக் குறைத்தனர். விளைவு, வினாடிக்கு ஏறத்தாழ 400 பைட்டு. 40 கிலோபைட்டு அளவுள்ள விளையாட்டு ஒன்று ஏறுவதற்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில்தான் அக்கால நிரலாளரின் கூர்மை வெளிப்பட்டது. இயக்கியும் ஒரு கணினியே என்றால், அதற்கும் நிரல் எழுதி அனுப்பலாம் அன்றோ? கணினியிலிருந்து சில நூறு பைட்டுகளை இயக்கியின் நினைவகத்தில் எழுதி, ‘இதனை நடத்துக’ என ஆணையிட்டுவிட்டால், அதன்பின் இருபுறமும் தமக்குள் வகுத்துக்கொண்ட வேறொரு மொழியில் விரைந்து பேசிக்கொள்ளும். இவற்றை விரைவேற்றிகள் என்பர். எபிக்ஸ் நிறுவனத்தின் விரைவேற்றிப் பெட்டி 1984-இல் வந்தது. பின்னர் விளையாட்டு நிறுவனங்கள் பலவும் தத்தமக்கென ஒவ்வொன்றை இயற்றிக்கொண்டன. ஒன்றன் மொழி மற்றொன்றுக்கு விளங்காது.

மாற்று இயக்கி செய்ய முற்படுவோர்க்கு இடர் இங்கே தொடங்குகிறது. எஸ்டி2ஐஇசி பெரும்பாலும் குடியிருப்பது ஏடிமெகா 1284பி போன்ற 8 துண்ம நுண்கட்டுப்படுத்தியில். நிரலுக்கு 128 கிலோபைட்டும், நினைவுக்கு 16 கிலோபைட்டும் அதற்கு உண்டு. ஆயினும் அதன் கட்டளை மொழி வேறு. 6502-இன் மொழி வேறு. ஒன்றை மற்றொன்றாக நடித்துக் காட்டுவதற்கு வேண்டிய வேகம் அச்சில்லுக்கு இல்லை. கணினி அனுப்பும் விரைவேற்றியை அது பெற்றுக்கொள்ளலாம், நடத்த இயலாது.

எஸ்டி2ஐஇசி கண்ட வழி வியப்புக்குரியது. வந்த கட்டளைகளை அது படிப்பதே இல்லை. வரவர அவற்றின் பைட்டுகளைக் கொண்டு ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுகிறது. ‘நடத்துக’ என்ற ஆணை வந்ததும், அவ்வெண்ணைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால், இஃது இன்ன விரைவேற்றி எனத் தெளிந்து, அதே பேச்சு முறையைத் தன் மொழியில் முன்பே எழுதி வைத்துள்ள பகுதியை நடத்துகிறது. முதற் சீரைக் கேட்டதும் முழுப் பாட்டையும் ஒப்பிக்கும் மாணவனைப் போன்றது இது. பாட்டின் பொருளை அவன் அறியான்; ஆனால் ஒப்பித்தலில் தவறில்லை. எபிக்ஸ் விரைவேற்றி, ஃபைனல் காட்ரிட்ஜ் 3, ஜியோஸ் இயங்குதளம் ஆகியவை இப்பட்டியலில் இடம்பெற்றவற்றுள் சில.

இதனைத் திறமை என்பதா, தந்திரம் என்பதா? தந்திரம் என்று தள்ளுவோர் ஒன்றை மறக்கின்றனர். ஒவ்வொரு விரைவேற்றியின் 6502 நிரலையும் அலசி, கம்பியில் மின்னழுத்தம் எந்த நுண்வினாடியில் ஏறுகிறது, எந்த நுண்வினாடியில் இறங்குகிறது என்று அளந்து, வேற்றுச் சில்லின் மொழியில் அதே தாளத்தை மீட்டு எழுதியிருக்கின்றனர். சில்லின் உள்ளமைந்த கடிகாரம் இதற்குப் போதாது. துல்லியமான படிக அலையி வேண்டும். இவ்வுழைப்பை ஒப்பிப்பு என்று மட்டும் சொல்லிவிடுதல் நேர்மையாகாது. உடன் வெளியிடப்பட்டுள்ள விளக்கக் குறிப்பும் பாராட்டத்தக்கது. எவை இயங்கும், எவை எந்தச் சில்லில் இயங்கா என்று அட்டவணை இட்டுச் சொல்கிறது. தன் நூலின் குறையைத் தானே முன்னுரையில் எழுதும் ஆசிரியர் அரியர்.

குறை இல்லாமல் இல்லை. பட்டியலில் இல்லாத விரைவேற்றி வந்துவிட்டால், நிரல் தனக்குத் தெரியாதது என்று பிழைநிலையில் குறித்துக்கொண்டு நின்றுவிடும். ஆனால் மறுபுறத்து விளையாட்டு நிரல் அந்தப் பிழைநிலையைக் கேட்பதே இல்லை. வராத விடைக்குக் காத்து நிற்கும். திரை அசையாது. பழுது கணினியிலா, பலகையிலா, நினைவட்டையிலா என்று பயில்வோன் திகைப்பான். விரைவேற்றியில் எவரோ ஒருவர் சில பைட்டுகளை மாற்றிவிட்டாலும் எண் பொருந்தாது போகலாம். பட்டியல் மனிதர் கையால் வளரவேண்டியது. ஆகையால் அது என்றும் முற்றுப்பெறாது.

இந்நிலையில் மூலநிரல் திறந்து வைக்கப்பட்டிருப்பது அலங்காரம் அன்று, இன்றியமையாதது. எஸ்டி2ஐஇசி குனு பொது உரிமத்தின் 2-ஆம் பதிப்பின்கீழ் வெளியிடப்பட்டது. எம்எம்சி2ஐஇசி என்னும் முந்திய பணியின் வழிவந்தது. நினைவட்டையின் கோப்புமுறையைப் படிப்பதற்கு, சான் என்ற புனைபெயருடைய ஜப்பானியர் எழுதிய ஃபேட்எஃப்எஸ் நூலகத்தை ஏற்றுத் திருத்தி அமைத்துக்கொண்டது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்கி, முன்னவர் பெயரை மறையாது எழுதும் மரபு இதில் காணப்படுகிறது. பலகையை விலைக்கு விற்பதையும் அவ்வுரிமம் தடுக்கவில்லை. நிரலைப் பதித்து விற்போர் மூலநிரலையும் பெறுவோர்க்குக் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்பதே விதி. ‘1541-க்கு முழு மாற்று’ என்று விளம்பரப்படுத்தி, நிரலாசிரியர் எழுதிவைத்த வரையறைகளை விழுங்கிவிடும் விற்பனையாளர் உண்டு. அது விற்போர் குற்றம்.

முழு மாற்று எது என்று கேட்டால், பை1541 என்னும் பிறிதொரு திறந்த மூலப் பணியைக் காட்டலாம். அது ராஸ்பெரி பை என்னும் வலிய சிறுகணினியில் ஓடுவது. 6502 செயலியையும் அதனைச் சூழ்ந்த சில்லுகளையும் கடிகாரத் துடிப்புக்குத் துடிப்பு நடித்துக் காட்டுகிறது. எனவே முன்பின் அறியாத விரைவேற்றியும் அதில் ஓடும். ஆனால், சில நூறு பைட்டு நிரலைப் புரிந்துகொள்ள அதற்கு எத்தனையோ மடங்கு பெரிய செயலி வேண்டியிருக்கிறது. எஸ்டி2ஐஇசியோ எளிய சில்லில் அடங்கி, பழைய 170 கிலோபைட்டு எல்லையையும் கடந்து, நினைவட்டை முழுவதையும் அடைவு அடைவாகத் திறந்து காட்டுகிறது. அன்றாடப் பயனுக்கு எளியதே போதும் என்போர் கூற்றில் பொருள் உண்டு.

வழு நேர்வது பயனில் அன்று, பாதுகாப்பில். பழைய வட்டை டி64 என்னும் கோப்பாகப் படியெடுத்து, அப்படி எஸ்டி2ஐஇசியில் ஓடிவிட்டால், வேலை முடிந்தது என்று வட்டை எறிந்துவிடுவோர் பலர். டி64 கோப்பின் அளவு 1,74,848 பைட்டு. அதாவது 683 கட்டங்களின் உள்ளடக்கம் மட்டும். ஆனால், 1980-களில் பதிப்பாளர் நகல் தடுப்பைக் கட்டங்களின் உள்ளே வைத்ததைவிட வெளியே வைத்ததே மிகுதி: தடங்களுக்கு இடையே எழுதுதல், வேண்டுமென்றே கெடுத்த குறிகள், ஒழுங்குக்கு அடங்காத இடைவெளிகள். இவை டி64-இல் ஏறா. ஆகவே டி64 வடிவில் ஓடும் விளையாட்டுகள் பல, தடுப்பை உடைத்தோர் கைபட்டு மாறிய படிகளே. ஏடு பெயர்த்தெழுதியவர் தமக்கு விளங்காத வரியை விட்டுவிட்டு எழுதிய சுவடியை மூலபாடம் என்று கொள்வது போன்றது இது.

இதற்குரிய கருவியும் ஒரு நுண்கட்டுப்படுத்தியே என்பது நோக்கத்தக்கது. கிரீஸ்வீசல் என்னும் திறந்த பணி, வட்டின் மேற்பரப்பில் காந்தத் திசை மாறும் ஒவ்வொரு கணத்துக்கும் இடைப்பட்ட காலத்தை அளந்து பதிகிறது. கட்டம், கோப்பு என எதனையும் படிக்கும்போது அது பிரித்தறிவதில்லை. பொருள் காண்பது பின்னர் கணினியில் நடக்கும் வேலை. எஸ்டி2ஐஇசி எழுத்தை விட்டுப் பேச்சைப் பிடித்தது. கிரீஸ்வீசல் பேச்சை விட்டு எழுத்தைப் பிடித்தது. அதிலும் இடர் உண்டு. கொமடோர் வட்டுகளைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் எழுதும் வழக்கம் இருந்தது. திருப்பிய வட்டில் அடையாளத் துளை இடம் மாறிவிடுவதால், பிற்காலக் கணினிகளின் இயக்கிகள் சில மறுபக்கத்தைப் படிக்க மறுக்கும்.

ஆயினும் முறை இதுவே. முதலில் காந்தக் குறிகளைப் பதிந்து வைத்தல் வேண்டும். ஓட்டிப் பார்ப்பது அதன்பின். அவ்வாறு பதிந்ததிலிருந்து டி64 படியை எப்பொழுது வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாம். டி64 படியிலிருந்து அதனை மீட்க இயலாது.