4.5 போதுமா, 4.8 வேண்டுமா?

இன்டெல் 2011 ஜனவரியில் வெளியிட்ட கோர் ஐ5-2500கே அளவுக்கு ஓவர்கிளாக்குக்கு இடம்கொடுத்த ப்ராசசர்கள் குறைவு. அதன் அறிவிக்கப்பட்ட வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.7. நல்ல கூலர் பொருத்தி, பயாஸில் மல்டிபிளையரை 45-க்கு ஏற்றினால் பெரும்பாலான சில்லுகள் 4.5-ல் சுணங்காமல் ஓடின. சிலிக்கானையும் மேல்மூடியையும் இன்டெல் சால்டர் வைத்து இணைத்திருந்ததால் சூடு எளிதில் வெளியேறியது. அடுத்த ஆண்டு வந்த ஐவி பிரிட்ஜில் சால்டர் போய் பேஸ்ட் வந்தது, சூடும் கூடியது. 2500கே வைத்திருப்பவர்கள் அதைக் கைவிட மனமில்லாமல் இருப்பதில் நியாயம் உண்டு.

அப்படி ஆண்டுக்கணக்கில் 4.5-ல் ஓடிய சில்லு, புது விளையாட்டுகளில் திணறத் தொடங்கும்போது, இன்னும் 300 மெகாஹெர்ட்ஸ் ஏற்றிப் பார்க்கலாமா என்ற ஆசை வருகிறது. அந்த ஆசையைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சில்லு இயங்கும்போது குடிக்கும் மின்திறன் கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடும். 4.5-க்கு 1.30 வோல்ட் கேட்கும் ஒரு சில்லு 4.8-க்கு 1.42 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கூடுவது ஏறத்தாழ 7 சதவீதம். மின்திறன் கூடுவது 27 சதவீதம். ஒரு மணி நேரம் பிடிக்கும் வீடியோ மாற்றம் சுமார் 56 நிமிடத்தில் முடியும், அதுவும் மற்றதெல்லாம் ஒத்துழைத்தால். இதே சில்லை 3.3-லிருந்து 4.5-க்கு ஏற்றியபோது கிடைத்தது 36 சதவீதம். முதல் ஏற்றம் ஏறக்குறைய இலவசம். கடைசி ஏற்றத்துக்குத்தான் முழு விலை. கூலர் அறையின் வெப்பத்துக்கு மேலேதான் எதையும் குளிர்விக்கும்; 21 டிகிரி அறையில் எடுத்த சோதனை முடிவை நம்பி சென்னையின் மே மாதத்தில் இறங்கினால், ஒரு சுற்று தொடங்கும் முன்பே 13, 14 டிகிரி கைவிட்டுப் போயிருக்கும்.

வயதும் சேர்கிறது. கூடுதல் வோல்டேஜும் சூடும் டிரான்சிஸ்டர்களை மெல்லத் தளர்த்துகின்றன. உள்ளே ஓடும் நுண்ணிய உலோகக் கம்பிகளின் அணுக்களை மின்னோட்டம் இடம்பெயர்க்கிறது. முன்பு 1.30-ல் நிலைத்த சில்லு பல ஆண்டுகளுக்குப் பின் அதே வேகத்துக்குச் சற்று அதிகம் கேட்பது இதனால்தான். ஆக, 4.8-க்குத் தேவையான வோல்டேஜை 2011-ன் சோதனைக் கட்டுரைகளில் தேடுவதில் பயனில்லை. புதுச் சில்லுக்கு இருந்த உபரி இதற்கு இல்லை.

இவை எல்லாம் செலவு. என்னைப் பொறுத்தவரை தீர்ப்பை முடிவு செய்வது வரவுதான். புது விளையாட்டுகள் இந்தச் சில்லில் திக்கித் திக்கி ஓடக் காரணம் பெரும்பாலும் கடிகாரம் அல்ல. நான்கு கோர், நான்கு த்ரெட். இன்றைய விளையாட்டுகள் அதற்கு மேல் கேட்கின்றன. நான்கும் 100 சதவீதத்தில் நிற்கும்போது, இடம் கிடைக்காத வேலை காத்திருக்கிறது; திரையில் அது திடீர்த் தடுமாற்றமாகத் தெரிகிறது. 4.8 அந்த வரிசையைச் சற்று வேகமாக நகர்த்தும், கலைக்காது. ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் இந்தச் சில்லில் இல்லை. அவற்றைக் கட்டாயமாக்கிய மென்பொருளை எந்த வேகமும் ஓட வைக்காது. அதே சாக்கெட்டில் உட்காரும் பழைய ஐ7-2600கே, அல்லது பயாஸைப் புதுப்பித்தபின் 3770கே, எட்டு த்ரெட் தருகிறது. 1333 மெமரியை 1866-க்கோ 2133-க்கோ மாற்றினாலும் பல விளையாட்டுகளில் பலன் தெரியும். கைவசம் பணம் இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் இது.

“போனால் போகட்டும், பழைய சில்லுதானே” என்பவர்களின் வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. சில்லு மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் கூடுதல் சுமையை அதே வயதுடைய மதர்போர்டின் மின்வழங்கு பகுதியும் தாங்க வேண்டும். பி67, இசட்68 போர்டு போனால் நல்ல நிலையில் இன்னொன்று தேடுவது சிரமம். அதைவிடக் கவலை தருவது அமைதியாக நடக்கும் பிழை. எல்லையில் ஓடும் சில்லு நீலத்திரை காட்டி நின்றால் நல்லது. நிற்காமல் ஒரு பிட்டைத் தவறாகக் கணக்கிட்டு, அந்தக் கோப்பைச் சேமித்து, அடுத்த பேக்கப்பிலும் அதையே எழுதிவிட்டால்? குடும்பப் புகைப்படங்களும் கல்லூரி ஆய்வேடும் இருக்கும் கணினியில் 7 சதவீதத்துக்காக இதை ஏற்க என்னால் முடியாது.

ஆகவே 4.5-லிருந்து 4.8-க்கு வேண்டாம். இன்னும் 3.3-லேயே ஓடும் 2500கே இருந்தால் தாராளமாக 4.2 வரை போகலாம். அங்கே பலன் செலவை மிஞ்சுகிறது. ஒரே த்ரெட்டை நம்பி ஓடும் எமுலேட்டர் போன்ற ஒரு வேலைக்காகவே ஒதுக்கிய, சொந்தக் கோப்புகள் ஏதுமில்லாத கணினியானால் 4.8-ஐ முயல்வதில் தவறில்லை. தினசரி வேலைக்கான கணினியில் நான் செய்யச் சொல்வது எதிர்த்திசை: தூசு தட்டி, தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக இட்டு, 4.3-க்கு இறக்கி, அந்த வேகத்தில் பிழையின்றி ஓடும் மிகக் குறைந்த வோல்டேஜைத் தேடிப் பிடித்து, அதற்குச் சற்று மேலே நிறுத்திவிடுவது.