அடுத்த வீட்டுக் காது: ஒரு ஐரோப்பியத் தீர்ப்பின் ரெண்டாம் பாதி

2021 மே 25 அன்று, ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 'பிக் பிரதர் வாட்ச் எதிர் பிரிட்டன்' வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களிலிருந்து கிளம்பிய வழக்கு. தனியுரிமைக்குக் கிடைச்ச பெரிய வெற்றின்னு பலர் எழுதினாங்க. முழுசா உட்கார்ந்து படிச்ச பிறகு எனக்கு அப்படித் தோணலை.

முதல் பாதி வெற்றிதான், ஒத்துக்கறேன். ஜிசிஎச்க்யூ கேபிள்களில் ஓடும் தகவல்களை மொத்தமாக அள்ளிய முறை தனியுரிமையை மீறியது என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். சொன்ன குறைகளில் முக்கியமானது: அனுமதி தந்தது அமைச்சர். அரசைச் சாராத ஓர் அமைப்பு தந்திருக்க வேண்டும்.

ரெண்டாம் பாதியில்தான் சிக்கல். அதே ஜிசிஎச்க்யூ, அமெரிக்காவின் என்எஸ்ஏ சேகரித்ததைக் கேட்டு வாங்கினால்? அதில் மீறல் இல்லை என்று 12க்கு 5 என்ற கணக்கில் முடிவு. அதாவது நீங்களே ஒட்டுக்கேட்டால் வெளியாள் அனுமதி வேணும், அடுத்த வீட்டுக்காரர் கேட்டு வெச்சதை வாங்கிக்கிட்டா வேண்டாம்! பெரும்பான்மை சொல்லும் காரணத்தையும் சொல்லிடணும். வந்து சேர்ந்த தகவலைப் பார்ப்பது, வைத்திருப்பது, அழிப்பது எல்லாவற்றுக்கும் சொந்தமாகச் சேகரித்ததுக்கான விதிகளே பொருந்தும், பின்னாடி மேற்பார்வையும் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் கேட்கும் அந்த நிமிஷத்தில் கதவைக் காப்பது யார்? மாறுபட்ட நீதிபதிகளும் இதையேதான் கேட்டார்கள்.

அந்த விதிகள் வெளியே வந்த கதை இன்னும் வேடிக்கை. 2015 பிப்ரவரி 6 அன்று, உளவு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரிட்டிஷ் தீர்ப்பாயம், என்எஸ்ஏவிடமிருந்து தகவல் பெற்ற முறை 2014 டிசம்பர் வரை சட்டவிரோதம் என்றது. ஏன்னா விதிகள் ரகசியம். வழக்கு நடக்கும்போது அரசு அதில் கொஞ்சம் வெளியிட்டது. உடனே முறை சட்டபூர்வமாகிவிட்டது. கோடில் ஒரு வரி மாறலை, டாக்குமென்டேஷன் எழுதினதும் பக் குளோஸ்!

தரவுப் பாதுகாப்புச் சட்டம் எங்கே போச்சுன்னு கேட்பீங்க. பிரிட்டனின் 2018 சட்டத்தில் உளவுத்துறைக்கென்றே தனிப் பகுதி உண்டு. அதில் 109ஆம் பிரிவின்படி, அமைப்பின் சட்டப்படியான வேலைக்கு அவசியமாகவும் அளவுக்கு மீறாமலும் இருந்தால் தரவை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வாங்குகிற நாட்டில் பாதுகாப்பு எப்படி என்று ஒரு வார்த்தை கிடையாது. ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவரின் லாக் ஃபைல்களை இங்கே கொண்டுவர நாங்கள் ஒப்பந்த ஷரத்து, என்கிரிப்ஷன், யார் யாருக்கு அணுகல் என்ற பட்டியல் என்று ரெண்டு மாசம் அலைஞ்சோம். அதில் இருந்ததெல்லாம் வெறும் எர்ரர் மெசேஜ்.

அனுப்புகிற பக்கத்தை நீதிமன்றம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அதே நாளில் வந்த ஸ்வீடன் தீர்ப்பை அதிகம் பேர் கவனிக்கலை. வெளிநாட்டுக் கூட்டாளிக்குத் தகவல் கொடுக்கும்போது சம்பந்தப்பட்டவரின் தனியுரிமையை யோசிக்க வேண்டும் என்று ஸ்வீடன் சட்டத்தில் கடமையே இல்லை, அது மீறல் என்றார்கள். நல்லது. ஆனால் வாங்கும் நாட்டில் அதே அளவு பாதுகாப்பு இருக்கணும்னு அவசியமில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

இதில் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம்தான் எனக்குப் பிடிச்சது. உளவு உலகில் ஒரு வழக்கம் உண்டு: கொடுத்தவர் சம்மதிக்காமல் தகவலை மூன்றாமவருக்குக் காட்டக் கூடாது. மேற்பார்வை செய்பவரையே அந்த 'மூன்றாமவர்' ஆக்கி வாசலில் நிறுத்திடுவாங்க. அந்த விதி மேற்பார்வைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்று 2020 மே 19 அன்று அந்த நீதிமன்றம் சொன்னது. வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவருக்கும் தொலைத்தொடர்பு ரகசிய உரிமை உண்டு என்றும் சொன்னது.

ஸ்ட்ராஸ்பர்க் விசாரித்தது பிரிட்டனின் பழைய சட்டத்தை. 2016இல் வந்த புதிய சட்டத்தின் 9ஆம் பிரிவு, வாரன்ட் இல்லாமல் வெளிநாட்டு அமைப்பிடம் ஒட்டுக்கேட்கச் சொல்லிக் கோருவதைத் தடுக்கிறது. பிரிட்டிஷ் தீவுகளுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். சென்னையில் உட்கார்ந்து இதை டைப் அடிக்கிற ஆள் அதில் வரமாட்டான்.