ஷாம்லூ எடுத்துக்கொண்ட உரிமை

பாரசீகக் கவிதை என்றதும் நம்மவர் நினைவு ஸஅதியிடமும் ஹாபிஸிடமும் சென்று நின்றுவிடுகிறது. உமர் கய்யாமையும் ரூமியையும் சேர்த்துக்கொண்டால் பட்டியல் முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் அம்மொழியின் கவிதையில் நேர்ந்த உடைப்பைப் பற்றி நாம் பேசுவது அரிது. அவ்வுடைப்பை நிகழ்த்தியோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அஹ்மத் ஷாம்லூ (1925-2000).

தெஹ்ரானில் பிறந்தவர். இராணுவ அதிகாரியான தந்தையின் மாற்றல்களோடு ஊர் ஊராக வளர்ந்தவர், பள்ளிக் கல்வியை முடிக்காதவர், சிறை கண்டவர். 'பாம்தாத்', அதாவது வைகறை, என்பது அவர் சூடிய புனைபெயர்.

அவருக்கு முன்னோடியான நீமா யூஷீஜ் அரூழ் என்னும் யாப்பை ஒழித்துவிடவில்லை. அடிகள் யாவும் ஒரே அளவில் நிற்கவேண்டும் என்னும் கட்டாயத்தையே தளர்த்தினார். ஷாம்லூவோ அதற்கும் அப்பால் சென்று யாப்பையே கைவிட்டார். 1957இல் வெளிவந்த 'ஹவாயே தாஸா' (புதிய காற்று) அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது. யாப்பைத் துறந்தவர் எதனைக் கொண்டு கவிதையை நிறுத்தினார் என்பதன்றோ கேள்வி! பதினோராம் நூற்றாண்டில் பைஹகீ எழுதிய வரலாற்று நூலின் உரைநடை ஓசையை அவர் வரிகளில் இன்றும் கேட்கலாம். மரபை உடைத்தவர் என்று அவரைத் தூற்றியோர், மரபின் இன்னொரு கருவூலத்தை அவர் திறந்ததைக் காணாது போயினர்.

மொழிபெயர்ப்பாளராகவும் அவர் பெரியவர். லோர்க்காவின் கவிதைகள், லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதைகள், ஷோலகோவின் டான் நதி நாவல், 'குட்டி இளவரசன்' ஆகியன அவர் கைவழியே பாரசீகத்துக்கு வந்தன. லோர்க்காவை அவர் பெற்றது பிரெஞ்சு வழியாக. மூலத்தை விட்டு விலகுகிறார், ரஷ்யக் கோசாக்கியரைத் தெஹ்ரான் தெருமொழி பேசவைக்கிறார் என்று குற்றம் சாட்டினர். குற்றச்சாட்டு பொய்யன்று. ஆயினும், அவர் தம் குரலில் பதிவுசெய்த லோர்க்கா ஒலிநாடா ஈரானில் வீடுதோறும் ஒலித்ததே! மூலம் எங்கோ பத்திரமாக இருக்கிறது; பெயர்ப்பு எடுத்துக்கொள்ளும் உரிமையால் அதற்கு ஊறு நேர்வதில்லை.

அதே உரிமையை 1975இல் அவர் ஹாபிஸின் திவானிலும் எடுத்துக்கொண்டார். இங்கேதான் நம்மால் அவரோடு உடன்பட இயலவில்லை. பொருள் தொடர்ச்சி வேண்டுமென்று கஸல்களின் ஈரடிகளை இடம் மாற்றினார்; நிறுத்தக்குறிகள் இட்டார். சுவடிகளின் சாட்சியத்துக்கு மேலாகத் தம் செவியை நம்பினார். பதிப்பாசிரியன் மொழிபெயர்ப்பாளன் அல்லன். ஒரே கஸல் பல திசைகளில் பொருள் விரிப்பதே ஹாபிஸின் அழகு. அரைப்புள்ளி ஒன்றை இட்டால் ஒரு கதவு அடைபடுகிறது. 1990இல் பெர்க்லியில், பிர்தௌஸி ஸஹ்ஹாக்குக்கு அநீதி இழைத்தார் என்று அவர் பேசிக் கிளப்பிய புயலும் இவ்வகையினதே. சான்று குறைவு, துணிவு மிகுதி.

நமது மதிப்பில், அவருடைய செவிக்கு முழுமையாகப் பொருந்திய பணி 'கிதாபே கூச்சே' என்னும் தெருமொழிக் களஞ்சியம். பழமொழி, வசவு, தாலாட்டு, விளையாட்டு, நம்பிக்கை என மக்கள் நாவில் இருந்தவற்றையெல்லாம் பல்லாண்டுகள் அகரவரிசையில் திரட்டினார். இங்கே அவர் எதையும் திருத்தவில்லை; கேட்டதை எழுதினார். உடன் உழைத்தவர் மனைவி ஆய்தா, ஆர்மீனியக் குடும்பத்துப் பெண்மணி. நீரிழிவால் 1997இல் கால் ஒன்றை இழந்த பின்னரும் ஷாம்லூ அப்பணியை விட்டுவிடவில்லை. 2000 ஜூலையில் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறாதிருந்தது. எஞ்சியதை ஆய்தா ஏற்றுக்கொண்டார்.