மேஜிக் அரீனா: இலக்கு ஒளிர்கிறது, காரணம் தெரிவதில்லை

சேகரிப்புச் சீட்டாட்டங்களைப் புதிதாகக் கற்பவர் பெரும்பாலும் இடறி விழும் இடம், ஒரு சீட்டு மற்றொன்றின்மேல் எப்போது ஒட்டும், எப்போது கழன்று விழும், எதை இலக்காகக் கொள்ளலாம் என்னும் விதிகளே ஆகும். ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்து 1993இல் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ இவ்விதிகளை மிக நுட்பமாக வளர்த்தெடுத்த ஆட்டம், அதன் செயலியான ‘அரீனா’ 2021 மார்ச்சில் கைப்பேசிக்கு முழுமையாக வந்தது. இலவசம் என்பதும், நடுத்தரக் கைப்பேசியைச் சூடாக்கும் என்பதும் யாவரும் அறிந்தவை. பல வாரங்கள் பயன்படுத்திய பின்னர் பேச வேண்டியதாக எஞ்சுவது, இச்செயலி இலக்கைக் காட்டும் முறை ஒன்றுதான்.

இவ்வாட்டத்தில் இலக்கு, அதாவது ‘டார்கெட்’, என்பது கறாரான பொருளுடைய சொல். சீட்டின் வாசகத்திலோ, அதிலுள்ள சிறப்புச் சொல்லுக்குரிய விதியிலோ அச்சொல் இருந்தால் மட்டுமே அது இலக்கு வைக்கிறது. ‘ஒவ்வொரு கிரீச்சரும்’ என்றோ ‘ஒன்றைத் தேர்ந்தெடு’ என்றோ சொல்லும் சீட்டு எதையும் இலக்காகக் கொள்வதில்லை. களத்தில் நின்று போரிடும் சீட்டே கிரீச்சர் எனப்படும். அதன்மேல் ஒட்டும் சீட்டுகளுள் முதன்மையானவை இரண்டு: மாய வகையைச் சேர்ந்த ‘ஆரா’, 2003இல் ‘மிரடின்’ தொகுப்புடன் அறிமுகமான ‘எக்விப்மென்ட்’ எனும் கருவிச் சீட்டு. வத்தலக்குண்டு வட்டாரத்துக் கொடிக்காலை அறிந்தவருக்கு இவற்றின் வேறுபாட்டை எளிதாக விளக்கலாம்; அகத்தி சாய்ந்தால் அதில் படர்ந்த வெற்றிலைக்கொடியும் அதனுடன் அழிவதுபோல, தாங்கும் கிரீச்சர் மாண்டால் ஆராவும் ‘கிரேவ்யார்டு’ எனும் கழிவு அடுக்கிற்குச் செல்லும்; ஆனால் அகத்தியில் சாத்திய ஏணி கீழே கிடந்து, அடுத்த மரத்திற்கு எடுத்துச் செல்லப்படக் காத்திருப்பதுபோல, எக்விப்மென்ட் களத்திலேயே எஞ்சும்.

ஆரா, கையிலிருந்து ஆடப்படும் கணத்திலேயே தன் இலக்கைக் குறிக்க வேண்டும். அது நிறைவேறுவதற்குள் அந்த இலக்கு தகுதி இழந்தால் ஆரா களத்தைத் தொடாமலே வீணாகும். எக்விப்மென்ட் யாரையும் இலக்காக்காமல் களத்துக்கு வந்து, பின்னர் அதற்குரிய விலையைச் செலுத்தித் தன் பக்கத்துக் கிரீச்சர் ஒன்றை இலக்காக்கும்போதே ஒட்டுகிறது. அந்த இலக்கு இடையில் தகுதி இழந்தால், எக்விப்மென்ட் முன்பு இருந்த இடத்திலேயே இருந்துவிடும். எதிராளி அக்கிரீச்சரையே கைப்பற்றிக்கொண்டாலும், ஒட்டியிருக்கும் கருவியின் கட்டுப்பாடு பழைய உரிமையாளரிடமே நிற்பதால், அவர் தம் முறையில் அதை வேறொரு கிரீச்சருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனையையும் அரீனா பிழையின்றிக் கணக்கிடுகிறது என்பதை மனமாரப் பாராட்ட வேண்டும். ஒட்டிய சீட்டுகள் கிரீச்சருக்குப் பின்னால் விளிம்பு தெரியச் செருகப்பட்டிருக்கும். ஒரே மாதிரியான கிரீச்சர்கள் ஓர் அடுக்காகக் குவிந்திருக்கும்போது அவற்றுள் ஒன்றின்மேல் ஆரா ஒட்டினால் அது மட்டும் தனியே பிரிந்து நிற்கும். மேசையில் அரைமணி நேரம் வாதிட்டுத் தீர்க்க வேண்டியதைச் செயலி நொடியில் தீர்த்துவைக்கிறது.

குறை தொடங்குவதும் அங்கேயே. 1996இல் ‘மிராஜ்’ தொகுப்பில் வந்த ‘பேசிஃபிசம்’ என்னும் வெள்ளை நிற ஆரா, தான் ஒட்டிய கிரீச்சரைத் தாக்கவும் தடுக்கவும் விடாமல் முடக்குவது. அதைக் கையிலிருந்து இழுத்தவுடன் தகுதியுள்ள கிரீச்சர்களின் ஓரம் ஒளிர்கிறது. எதிராளியிடம் மூன்று இருந்து, அவற்றுள் ஒன்று மட்டுமே ஒளிர்வதாகக் கொள்வோம். ஒளிராத ஒன்றில், எதிராளியின் சீட்டுகள் இலக்காக்க முடியாதபடி காக்கும் ‘ஹெக்ஸ்ப்ரூஃப்’ இருக்கலாம். மற்றொன்றில் ‘வெள்ளையிலிருந்து பாதுகாப்பு’ இருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே இருட்டு. ஆனால் விதியில் இவை வெவ்வேறு: பேசிஃபிசம் ஏற்கெனவே ஒட்டியபின் அக்கிரீச்சர் ஹெக்ஸ்ப்ரூஃப் பெற்றால், அது இலக்கு வைப்பதை மட்டுமே தடுப்பதால், ஆரா அசையாமல் நிற்கும், வெள்ளையிலிருந்து பாதுகாப்பு பெற்றாலோ, ஒட்டியிருப்பதே விதிக்குப் புறம்பாகி, ஆரா உடனே உதிர்ந்துவிடும். மூன்றாவது, ஒளிரும் கிரீச்சர், 2021இல் வந்த ‘வார்டு’ உடையதாக இருந்தால், அதை இலக்காக்கத் தடையில்லை. ஆனால் கூடுதல் விலை கொடுக்காவிட்டால் ஆரா முறிக்கப்படும். ஒளியை மட்டும் நம்பிக் கற்றவர் இவ்வேறுபாடுகளை ஆண்டுக்கணக்கில் அறியாமலே ஆடக்கூடும். இதைவிடக் கடுமையானது, கழிவு அடுக்கிலிருந்து நேரே களத்துக்குத் திரும்பும் ஆராவின் நிலை. அது ஆடப்படாததால் எதையும் இலக்காக்குவதில்லை, எனவே ஹெக்ஸ்ப்ரூஃப் உள்ள எதிரிக் கிரீச்சரின்மேலும் ஒட்டலாம். நேற்றுவரை இருண்டிருந்த சீட்டு இன்று ஒளிர்வதன் காரணத்தைத் திரை சொல்வதில்லை.

சீட்டை அழுத்திப் பிடித்தால் வாசகம் பெரிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆயினும் நேரம் குறைவதை உணர்த்தும் திரி எரிந்துகொண்டிருக்கும்போது, அதுவும் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும் பேருந்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும்போது, ஆங்கிலத்தில் அமைந்த பொடி எழுத்துகளைப் படித்து முடிவெடுப்பது கடினம். பெருநகரங்களில் ஐயம் தீர்க்க உடன் ஆடுவோர் கிடைக்கக்கூடும். சிற்றூர்களில் செயலியே ஆசிரியர், அதுவே நடுவர். 2016இல் இந்தியச் சாயலில் ‘கலதேஷ்’ என்னும் கற்பனை உலகைப் படைத்து, 2020இல் அதை அரீனாவுக்கும் கொண்டுவந்து, 2025இல் அவ்வுலகிற்கு ‘அவிஷ்கார்’ என்று மறுபெயரும் சூட்டிய விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், தன் செயலியில் இந்திய மொழி ஒன்றிற்குக்கூட இடம் தராதது வருந்தத்தக்கது.

வேண்டப்படும் திருத்தம் பெரிதன்று. ஒளிராத சீட்டைத் தொட்டால், ‘ஹெக்ஸ்ப்ரூஃப் இருப்பதால் இலக்காக்க முடியாது’ என்று ஒரு வரி தோன்றினால் போதும். தகுதியைக் கணக்கிடும் செயலிக்கு அக்காரணம் முன்பே தெரியும். அத்திருத்தம் வரும்வரை, இவ்விதிகளைக் கற்க விரும்புவோர் அரீனாவைத் தயங்காமல் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் ஒளிராத ஒவ்வொரு கிரீச்சரையும், எதிராளியின் முறை நடக்கும்போதே அழுத்திப் பிடித்து அதன் வாசகத்தைப் படித்துவைக்க வேண்டும்.