அளவு சரி, ஆயில் சரியா?

குஜிலியம்பாறையிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் சமவெளிச் சாலைதான். வடக்கே கரூர், தெற்கே எரியோடு வழியாகத் திண்டுக்கல். கரிக்காலி சிமெண்ட் லாரிகளுக்கு ஒதுங்கும் நேரம் போக, பிரேக்கை அழுத்தி மிதிக்கும் வேலை அதிகம் இல்லை. இந்த நிம்மதியில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் ஊன்றிவிட்டது. காரை விட்டால் மெக்கானிக் பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் நிற்கும் வெள்ளை டப்பாவை எட்டிப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்பி மூடுவார். "பிரேக் ஆயில் கொஞ்சம் இறங்கியிருந்துச்சுண்ணே, ஊத்திட்டேன்." நாமும் தலையாட்டிவிட்டு வண்டியை எடுப்போம். என் காருக்கு ஐந்து ஆண்டுகள் இதுதான் நடந்தது.

இந்த வழக்கத்தை முழுவதுமாகத் தள்ள மாட்டேன். குழாய் கசிந்தாலோ, சக்கரத்தின் உள்ளே ரப்பர் போனாலோ முதல் சாட்சி அந்த டப்பாதான். காசு செலவில்லாத சோதனை. வறண்ட காற்றும் நமக்குச் சாதகம்: நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நிற்கும் காரைவிட இங்கே நிற்கும் காரின் ஆயில் ஈரம் இழுப்பது மெதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் அளவு எதைச் சொல்கிறது? கசிவு இல்லாத காரில் டப்பா இறங்கினால், பெரும்பாலும் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே நகரும்; அதன் பின்னால் உண்டாகும் இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் போகும். அந்த நேரத்தில் மேலே ஊற்றினால், காரே காட்டிய அடையாளத்தை நாம் அழித்துவிடுகிறோம். பிறகு புதுப் பேட் மாட்டப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, கூடுதலாக ஊற்றியது வழிந்து பெயிண்டை அரிக்கும். ஆகவே அளவு குறைந்தால் முதலில் சக்கரத்தைப் பார்க்க வேண்டும், கசிவைத் தேட வேண்டும், அதற்கு அப்புறம்தான் பாட்டில்.

இதைவிடப் பெரிய குறை கண்ணுக்குத் தெரியாதது. இன்றைய கார்களில் இருக்கும் பிரேக் ஆயில் பெரும்பாலும் கிளைக்கால் வகை. உப்பைப் போல ஈரத்தை இழுக்கும். டப்பா மூடியின் காற்றுத்துளை வழியாகவும் ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்கிறது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரவிதி. 'டாட்' என்பதே அந்தத் துறையின் சுருக்கப் பெயர். அதே ஆயிலில் சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் விதி கேட்கும் அளவு 155 டிகிரி மட்டுமே. டாட் 3-க்கு 205-உம் 140-உம். அளவு ஒரு நூல்கூடக் குறையாமல் ஆயிலின் வலு இப்படிச் சரிந்துவிடும். டப்பாவை எத்தனை முறை எட்டிப் பார்த்தாலும் இது தெரியாது.

சமவெளியில் இது வெளியே வராது என்பதுதான் ஆபத்து. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் போவது சிறுமலை. லீவு விட்டால் கொடைக்கானல். சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கினால் ஏறக்குறைய 1,800 மீட்டர் கீழே வருகிறோம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர் அத்தனையையும் பிரேக் தலையில் கட்டுகிறார். பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், மிதிக்கும் விசை அந்தக் குமிழை நசுக்குவதில் போய்விடும். பெடல் தரையைத் தொடும். வண்டி ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும். மறுநாள் பட்டறையில் பெடல் கல் மாதிரி நிற்கும். "ஒண்ணும் இல்லையேண்ணே" என்று மெக்கானிக் சொல்வது பொய்யல்ல. அவர் பார்க்கும்போது ஒன்றும் இருக்காது.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். தொடக்க கால ஹைட்ராலிக் பிரேக்குகளில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த ஆயில்தான் ஓடியது. நம் மானாவாரிக் காட்டு ஓரத்தில் விளையும் அதே ஆமணக்கு. ரப்பரை அரிக்காத, உராய்வைக் குறைக்கும் எண்ணெய் என்பதால் அது பொருந்தியது. சூடு கூடக்கூடப் போதாமல் போய்க் கிளைக்கால் வந்தது. ரப்பரோடு ஒத்துப்போக வேண்டும் என்ற விதி இன்றும் மாறவில்லை. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ டப்பாவில் ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப் பாழாகும்.

அளவு பார்த்து ஊற்றும் வழக்கத்துக்கு மறுபக்கம் கையேட்டு வழி. பல கார்களின் கையேடு இரண்டு ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறது. யாருடைய கண்ணையும் நம்பாத ஏற்பாடு என்பது இதன் பலம். கடற்கரைக்கும் வறண்ட காட்டுக்கும், மலையேறும் டாக்சிக்கும் கோயிலுக்கு மட்டும் எடுக்கும் காருக்கும் ஒரே கணக்குப் போடுவது பலவீனம். கொதிநிலையை நேரடியாக அளக்கும் கருவி இருந்தால் இந்தக் குறை தீரும். பேனா போன்ற சிறு கருவிகள் மின்சாரம் ஆயிலில் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து ஊகிக்கின்றன. ஆயிலின் வகை மாறினால் கணக்கும் தவறலாம். மேலும் அவை டப்பாவில்தான் முங்கும். நேற்று ஊற்றிய புது ஆயில் மேலே நிற்க, பழையது சக்கரத்தருகே கிடக்கும். எனவே தேதி வைத்து மாற்றுவதுதான் நம் ஊருக்கு இப்போதைக்குப் பாதுகாப்பான வழி என்பது என் தீர்ப்பு.

ஆனால் அந்த மாற்றலே பாதியில் நிற்கிறது. டப்பாவில் இருப்பதை ஊசியால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றி, "ஆயில் மாத்தியாச்சு" என்று பில் போடுவதைப் பார்த்திருக்கிறேன். நான்கு சக்கரத்திலும் ஆயில் வடிக்கும் நிப்பிளை ஒவ்வொன்றாகத் திறந்து, பழையது வடிந்து தெளிந்த ஆயில் வரும்வரை எடுத்தால்தான் மாற்றியதாகும். எந்தச் சக்கரம் முதலில் என்பது காருக்குக் கார் வேறு; கையேட்டில் இருக்கும். பழைய காரில் பெடலைத் தரைவரை மிதித்து ஏர் எடுப்பதும், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதும், நல்லதல்ல. பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் அதுவரை பிஸ்டன் போகாத இடத்தில் துருவும் கசடும் இருக்கும். ரப்பர் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டை வைத்து மிதித்தால் போதும்.

எதை வாங்குவது என்பதில் குழப்பம் வேண்டாம். டப்பா மூடியில் எழுதியிருக்கும். டாட் 3 கேட்கும் காரில் டாட் 4 ஊற்றலாம். மாற்றிச் செய்யக் கூடாது. டாட் 5 சிலிக்கான் வகை, மற்றதோடு சேராது. பெயரில் ஒட்டியிருந்தாலும் டாட் 5.1 வேறு, அது கிளைக்கால்தான். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதன் நுண்ணிய வால்வுகள் ஈரத்தால் வரும் துருவைத் தாங்காது, விலையும் அதிகம். அலமாரியில் பாதி மீந்து, மூடி தளர்ந்து நிற்கும் பாட்டில் மலிவுதான். ஆனால் அது மாதக்கணக்கில் ஈரம் குடித்தது. சீல் உடைக்காத பாட்டிலை நம் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை கொடைக்கானலுக்குக் கிளம்பும் முன் பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் மாற்றிய தேதி எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயணத்தை ஒரு நாள் தள்ளி வைத்து, நான்கு சக்கரத்திலும் மாற்றச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பாருங்கள். தேதியை மார்க்கர் பேனாவால் டப்பா மேலேயே எழுதச் சொல்லுங்கள்.