மீண்டும் மீண்டும் வருகிறவன்

ஜப்பானிய எழுத்தாளர் ஷுசாக்கு எண்டோவின் 'மௌனம்' என்னும் நாவல் 1966-ஆம் ஆண்டு வெளிவந்தது. இயேசு சபைக் குரு வில்லியம் ஜான்ஸ்டன் அதனை 1969-இல் ஆங்கிலத்தில் தந்தார். 2016-இல் மார்ட்டின் ஸ்கோர்செசி திரைப்படமாக்கினார். அந்நாவலைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே காட்சியைச் சுற்றியே நிகழ்கிறது. இளங்குரு ரொட்ரீகஸ், கிறிஸ்துவின் திருவுருவம் பொறித்த பலகையை மிதிக்கும் காட்சி அது. இறைவன் ஏன் மௌனமாயிருந்தார் என்று வினவுவோர் பலர். ஆயினும் அந்நாவலின் இதயம் வேறோரிடத்தில் துடிக்கிறது என்பது என் துணிபு. அவ்விடம், கிச்சிஜிரோ என்னும் கோழையின் கதை.

ஜப்பானில் 1614-இல் கிறிஸ்தவம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. இயேசு சபையின் தலைவராய் அங்குப் பணியாற்றிய ஃபெரெய்ரா 1633-இல் சித்திரவதைக்கு உள்ளாகி விசுவாசத்தை மறுதலித்தது வரலாறு. அவரைத் தேடிச் செல்லும் கற்பனைப் பாத்திரமே ரொட்ரீகஸ். அவருக்கு வழிகாட்டியாக வருகிறான் கிச்சிஜிரோ. அவனுடைய உடன்பிறந்தோர் விசுவாசத்துக்காகத் தீயில் மடிந்தவர்கள். அவனோ திருவுருவத்தை மிதித்து உயிர் தப்பியவன். ஊரார் இருவர் கடலலையில் கட்டுண்டு வேதசாட்சிகளாய் மாண்டபோதும் அவன் மறுதலித்துத் தப்பினான். இறுதியில் வெள்ளிக் காசுக்குக் குருவையே காட்டிக்கொடுத்தான். ஆனால் ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் அழுதுகொண்டு பாவமன்னிப்புக் கேட்டு வருகிறான். நாய்போல் பின்தொடர்கிறான், சிறைவாசல்வரை வந்து நிற்கிறான்.

ரொட்ரீகஸ் அவனுக்குப் பாவமன்னிப்பு வழங்குகிறார். வாய் மந்திரத்தைச் சொல்கிறது, உள்ளமோ அருவருக்கிறது. எண்டோவின் நுண்மை இங்கேதான் வெளிப்படுகிறது. அருள்சாதனம் செல்லும், அன்பு மட்டும் இல்லை. இந்தப் பக்கங்களை வாசிக்கும் எந்தக் குருவும் தன்னைக் காணாமல் இருக்க முடியாது. அதே குடி, அதே பகை, அதே வாக்குறுதி என்று வருவோர் முன் அமர்ந்து, 'மீண்டும் நீயா?' என்று மனத்துக்குள் சலித்துக்கொண்ட நாள்கள் எனக்கும் உண்டு. எழுபது தடவை ஏழு முறை என்று மேடையில் விளக்கிய அதே நாவுதான் அது.

இறைவனின் பொறுமையைக் குறிக்கும் எபிரேயத் தொடருக்கு 'நீண்ட நாசியுடையவர்' என்பது நேர்ப்பொருள். சினத்தின் மூச்சு அவருக்கு விரைவில் சூடேறுவதில்லை. கிரேக்கச் சொல்லோ 'நீண்ட மனம்' என்று பொருள்படும். நம் மனம் குறுகியது; ஆகவே ஒருவன் எத்தனை முறை விழுந்தான் என்று எண்ணுகிறோம். அவன் எத்தனை முறை திரும்பி வந்தான் என்று இறைவன் எண்ணுகிறார். ரொட்ரீகஸ் தாமே விழுந்த பின்புதான் இதை உணர்கிறார். விசுவாசத்தை மறுதலித்த அவருடைய வீட்டுக்கு வந்து கிச்சிஜிரோ மீண்டும் பாவமன்னிப்புக் கேட்கும்போது, கேட்பவனும் கொடுப்பவரும் ஒரே தளத்தில் நிற்கிறார்கள்.

நாவலில் குறையும் உண்டு. பலவீனரின் கண்ணீரை இத்துணை உருக்கமாய்த் தீட்டும் எண்டோ, வேதசாட்சிகளின் மகிழ்ச்சியை அத்துணை ஆழமாய்த் தீட்டவில்லை. அவருடைய கிறிஸ்து உடன் துன்புறுகிறார்; உயிர்த்தெழுந்து தூக்கிநிறுத்தும் வல்லமை மங்கலாகவே தெரிகிறது. இறைவனின் பொறுமை, பாவத்தைப் பொருட்படுத்தாத அலட்சியமன்று. மனந்திரும்புதலுக்காக அவர் காத்திருக்கிறார் என்பதே பேதுருவின் இரண்டாம் திருமுகம் தரும் போதனை. இதை மறந்தால் 'மௌனம்' கோழைத்தனத்துக்குச் சமாதானம் சொல்லும் நூலாகிவிடும்.

ஆனால் கவனமாய் வாசிப்போர் அவ்வாறு முடிவு செய்யார். நாவலின் இறுதியில், பழைய அலுவலகக் குறிப்பேட்டின் நடையில் சில பக்கங்கள் வருகின்றன. அவசரத்தில் பலர் அவற்றைப் புரட்டிவிடுவர். முதியவனாகிவிட்ட கிச்சிஜிரோவின் தாயத்துப் பைக்குள் கிறிஸ்தவத் திருவுருவம் கண்டுபிடிக்கப்பட்டதாக அங்கே ஒரு செய்தி. மீண்டும் மீண்டும் மறுதலித்தவன், அகப்பட்டால் ஆபத்து என்றறிந்தும் அதைச் சுமந்திருக்கிறான்! எண்டோ விளக்கம் ஏதும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார்.

வரலாறும் இதற்குச் சான்று. நாகசாகிப் பகுதியின் மறைந்துவாழ்ந்த கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் திருவுருவத்தை மிதிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வீடு திரும்பி உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னார்கள். பாவமன்னிப்பு வழங்கக் குருவானவர் ஒருவரும் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்படியே கழிந்தது. 1865 மார்ச் 17-ஆம் நாள், ஔரா ஆலயத்தில், பாரிஸ் வேதபோதக சபைக் குரு பெட்டிஜானை அணுகிச் சிலர் தங்கள் விசுவாசத்தை மெல்ல வெளியிட்டார்கள். அவர்கள், தலைமுறை தலைமுறையாய் மிதித்தும் மனம் வருந்தியும் வாழ்ந்தோரின் வழிவந்தவர்கள்.

இறைவன் மௌனமாயிருந்தாரா? காத்திருந்தார் என்பதே என் வாசிப்பு. அடுத்த சனிக்கிழமை மாலை, அதே மனிதர் அதே பாவத்தோடு வந்து முழந்தாளிடும்போது, எனக்கும் அந்த நீண்ட மனத்தில் சிறிதளவு அருளப்பட வேண்டுமென்று மன்றாடுகிறேன்.