பெயர் மாறிய பெருவீதி

ஒரு தெருவின் பெயர் அவ்வூர் வரலாற்றின் சுருக்கம். ஆதலின், ஒரு நூலைத் திறனாய்வது போலவே அதனையும் திறனாயலாம். தூத்துக்குடியின் முதன்மைச் சாலையான மேலப் பெரிய காட்டன் சாலை இனி 'வ.உ.சிதம்பரனார் சாலை' என அழைக்கப்படும் என்று, அவரது 150-ஆவது பிறந்த ஆண்டையொட்டி, 2021 செப்டம்பரில் தமிழக முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தார். இம்மாற்றத்தால் நாம் பெற்றது எது? இழக்கக் கூடாதது எது?

பழைய பெயரை அந்நிய ஆட்சியின் எச்சமென்று ஒதுக்குவோர் உண்டு. அது பாதி உண்மையே. கோவில்பட்டி, எட்டயபுரம் பகுதிகளின் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி மாட்டு வண்டிகளிலும், 1876-இல் இருப்புப்பாதை வந்தபின் ரயிலிலும் இத்துறைமுகம் வந்து சேர்ந்தது. கிட்டங்கிகளில் பொதிகளாக அடுக்கப்பட்டுத் தோணிகளில் கப்பலுக்குச் சென்றது. 'காட்டன்' என்னும் சொல் ஆங்கிலேயருடையது. அதற்குப் பின்னிருந்த வியர்வை நம் உழவருடையது, சுமை தூக்கியோருடையது. மக்கள் நாவில் அச்சாலை 'டபிள்யூ.ஜி.சி. ரோடு' என்று வெறும் எழுத்துகளாய்ச் சுருங்கியபோதே அந்த வியர்வையும் மறக்கப்பட்டது. 'வ.உ.சி.' என்னும் மூன்றெழுத்துக்கும் அந்நிலை நேரலாம்.

அது நேராதிருக்க, அப்பெயரின் பொருளை அறிதல் வேண்டும். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய சிதம்பரனார், 1908 பிப்ரவரியில் சுப்பிரமணிய சிவாவுடன் கோரல் ஆலைத் தொழிலாளர் பக்கம் நின்றார். வேலைநிறுத்தத்தின் பயனாகக் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. மறுமாதமே அவர் கைதானார். 1912 இறுதிவரை சிறையில் வாடினார்.

இங்கே கத்தோலிக்கராகிய நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். தொழிலாளர்க்கு ஞாயிறு ஓய்வு உரியது என்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே தம் சுற்றுமடலில் கற்பித்திருந்தார். ஆண்டவரின் நாளைப் போற்றும் மண்ணிலிருந்து வந்த முதலாளிகள் அதைத் தாமாகத் தரவில்லை. திருமுழுக்குப் பெறாத ஒருவர் போராடிப் பெற்றுத் தந்தார்.

யாக்கோபு தாம் கனவு கண்ட இடத்துக்குப் பெத்தேல் எனப் பெயரிட்டதைக் கூறும் தொடக்கநூல், அந்நகரின் முந்தைய பெயரையும் உடன் பதிவு செய்கிறது. புதுப்பெயர் அருளப்பட்டது, பழைய நினைவு அழிக்கப்படவில்லை. அதுபோலவே, பெயர்ப் பலகையில் புதுப்பெயரின்கீழ்ப் பழைய பெயரும் சிறிய எழுத்திலேனும் இடம்பெறுவது முறை.

பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில், கடை ஊழியர் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்னும் சட்டத்திருத்த முன்வரைவும் அதே அவைக்கு வந்தது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். கடை வைத்திருக்கும் நம் இறைமக்கள், தம் ஊழியர்க்கு அமர இருக்கையும் வாரத்தில் ஒருநாள் ஓய்வும் கிடைக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால், அதுவே அப்பெயருக்குச் செய்யும் மரியாதை.